கத்தி மடங்கும் நேரம்

பிரான்சில் எங்கள் ஓப்ராக் மலைமேல் சாப்பாட்டு மேஜையில் கத்தி வைக்கிற வழக்கம் கிடையாது. தட்டு வைப்பார்கள், கரண்டி வைப்பார்கள், முள்கரண்டி வைப்பார்கள். கத்தி அவரவர் பையில் இருக்க வேண்டும். இல்லாமல் வந்து உட்கார்கிறவனை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டால்கூடத் தேவலை.

தெல்ரியூ பண்ணையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. முதலாளி தன் கத்தியைத் திறந்தால் சாப்பாடு தொடங்கிவிட்டது. மடக்கினால் முடிந்துவிட்டது; எல்லோரும் தங்கள் கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். பெரிய தெல்ரியூ மடக்குவதற்கு முன்னால் அலகை ஒரு ரொட்டித் துண்டில் இரண்டு பக்கமும் துடைத்து, அந்த ரொட்டியையும் வாயில் போட்டுக்கொள்வார். பிறகு ‘டப்’. கத்தியின் அருமை தெரிந்தவன் கூர் மழுங்கிவிடும் என்று பைய மடக்குவான். பெரிய தெல்ரியூ அறைந்துதான் மடக்குவார். மேஜைக் கோடியில் இருக்கிறவன் காதிலும் விழ வேண்டுமல்லவா.

கோடியில் இருந்தவர் லியோன்ஸ். பதினேழு வயதில் கூலிச் சந்தையில் நின்று, தெல்ரியூவின் கண்ணில் பட்டு, மாடு பார்க்க அந்தப் பண்ணைக்கு வந்தவர். வந்த வருஷமே ஒரு பசு தாடையில் உதைத்துவிட்டது. எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. மற்றவர்கள் ஒரு வாய் தின்று முடிக்கிற நேரத்தில் அவருக்கு அரை வாய்தான் ஆகும். முதலில் சூப் வரும், அப்புறம் பன்றிக்கொழுப்பு, சாசேஜ், கடைசியில் சீஸ். சீஸ் அவர் தட்டில் விழவும் மறு கோடியில் ‘டப்’ என்று கேட்கவும் சரியாக இருக்கும். எல்லோரோடும் எழுந்துவிட வேண்டியதுதான். பாதி ரொட்டியை மேல்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு தொழுவத்துக்குப் போவார்.

அந்தப் பண்ணையின் பாலைக் கறந்தது அவர். அந்தப் பாலில் செய்த சீஸை உட்கார்ந்து தின்று முடித்த நாள் ஒன்றுகூட அவருக்கு இல்லை. இதை வெளியே சொன்னால் எங்கள் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர்களுக்கு இன்றைக்கும் மூக்குமேல் கோபம் வரும். வரட்டும்.

கல்யாணம் ஆகவில்லை. தொழுவத்துக்கு மேலே இருந்த அறைக்கு எந்தப் பெண் வருவாள்? ஒருத்தி வருவதாகத்தான் இருந்தாள். அவளைப் பாரீசில் காபிக்கடை வைத்திருந்த ஒருவன் கட்டிக்கொண்டு போய்விட்டான். எங்கள் மலையில் பிறந்தவர்களில் பாதிப் பேர் பாரீசில் காபி விற்கிறார்கள். மீதிப் பேர் மாடுகளோடு இங்கே கிடக்கிறார்கள். லியோன்ஸ் மீதியில் சேர்ந்தவர்.

பெரிய தெல்ரியூ இறந்தபின் மகன் க்ளோவிஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அப்பனைப் போலக் கடுமை இல்லாதவன். நடை பழகினபோது லியோன்ஸின் விரலைப் பிடித்துக்கொண்டு மேய்ச்சலுக்குப் போனவன்; இன்றைக்கும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவான். கத்தியை மெதுவாகவே மடக்குவான். ஆனால் அவனுக்கும் அப்பனுடைய வேகம். சத்தம் இல்லாமல் முடிந்தது என்பதைத் தவிர லியோன்ஸின் சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை.

எழுபதைத் தாண்டியதும் கைகள் போயின. பனியிலும் ஈரத்திலும் ஆயுள் முழுவதும் காம்பு இழுத்த கைகள். மூட்டுகள் வீங்கி, விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துவிட்டன. நகங்கள் சில்லுச் சில்லாக உடைந்தன. எங்கள் மடக்குக்கத்தியின் அலகில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். கட்டைவிரல் நகத்தை அதில் விட்டு இழுத்தால்தான் திறக்கும். வில் கெட்டியாக இருப்பதுதான் நல்ல கத்திக்கு அழகு என்பார்கள். நகம் போன கிழவனுக்கு அந்த அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மேஜையில் அடுத்தவர் கத்தியைத் திறந்து கொடுப்பது குழந்தைகளுக்குச் செய்கிற காரியம். யாரிடமும் அப்படிக் கேட்க லியோன்ஸுக்கு வாய் வரவில்லை. அதனால் ஒரு உபாயம் கண்டுபிடித்தார். காலையிலேயே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு குறட்டால் அலகைப் பிடித்து இழுத்துத் திறப்பார். இடையில் ஒரு தீக்குச்சியைக் குறுக்கே வைத்துத் திரும்ப மடக்குவார். அலகு முழுக்க உள்ளே போகாமல் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். மேஜையில் அதை இரண்டு விரலால் நெம்பினால் போதும், திறந்துவிடும். தீக்குச்சி கீழே விழுவதை யாரும் கவனிக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓட்டினார். இலையுதிர் காலத்தில் மாடுகள் மேல் மேய்ச்சலிலிருந்து இறங்கி வந்த வாரம், வேலிக் கம்பி ஒன்றைத் தாண்டக் காலைத் தூக்கியபோது பையில் இருந்த அலகு தொடையில் இறங்கிவிட்டது. பழைய துணியால் இறுகக் கட்டிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். கால்சட்டையைத் தண்ணீரில் நனைத்து ஒளித்தும் வைத்தார். துணி துவைக்கிறவள் க்ளோவிஸின் மனைவி நொயெலி. அவளிடம் எதை ஒளிக்க முடியும்?

“பெரியவரே, இது என்ன ரத்தம்?”

“முள்ளு கிழிச்சிருச்சு.”

“முள்ளு கிழிச்சா பையோட உள்துணி இப்படியா கிழியும்? எனக்கென்ன கண்ணு தெரியலையா? உட்காருங்க, காலக் காட்டுங்க.”

நொயெலியைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பின்னறையில் படுத்த படுக்கையாக அவளுடைய அம்மா. அந்த அம்மாளைத் தூக்குவதும் துடைப்பதும் அவள்தான். கன்றுகளுக்குப் பால் காட்டுவதும், கணக்குவழக்குப் பார்ப்பதும், வேலைக்காரர்களுக்குச் சமைப்பதும் அவள்தான். அன்று அவள் காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டு, அவர் முன்னாலேயே புருஷனிடம் சொன்னாள்.

“போன மாசம் சூப் பாத்திரத்தப் போட்டாரு. இப்ப கத்தியால குத்திக்கிட்டாரு. நாளைக்கு விழுந்து கெடந்தா யாரு தூக்கறது? கீழ முதியோர் இல்லத்துல ரூம் ஒண்ணு காலியா இருக்காம். கேட்டு வச்சிருக்கேன். என்னால ரெண்டு பேரப் பாத்துக்க முடியாதுங்க. சத்தியமா முடியாது.”

க்ளோவிஸ் சன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

“நவம்பர் ஒண்ணு, சகல புனிதர் திருநாள் வரைக்கும் போகட்டும். அன்னிக்கு மேஜையில உட்காரட்டும். தன் கறியத் தானே வெட்டித் தின்னுட்டு எந்திரிக்கிற மனுஷன நான் இல்லத்துக்கு அனுப்ப மாட்டேன். முடியலன்னா... அப்ப பாப்போம் மாமா. சரியா?”

“எனக்கென்ன குறைச்சல்? வெட்டுவேன்,” என்றார் லியோன்ஸ். கைகள் இரண்டும் மேஜைக்கு அடியில் இருந்தன.

முதியோர் இல்லம் அவருக்குத் தெரியாத இடம் இல்லை. அங்கே மார்சியால் இருந்தான். பக்கத்துப் பண்ணையில் மாடு பார்த்தவன், ஒன்றாகச் சந்தையில் கூலிக்கு நின்றவன். அந்த ஞாயிற்றுக்கிழமை லியோன்ஸ் பால் வண்டியில் ஏறி அவனைப் பார்க்கப் போனார். சாப்பாட்டு நேரம். வெள்ளை மேஜை, வெள்ளைத் தட்டு. தட்டைப் பார்த்ததும் மார்சியாலின் வலக்கை தானாகக் கால்சட்டைப் பைக்குள் போனது. உள்ளே துழாவியது. வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

“இன்னும் பழக்கம் போகலடா,” என்று சிரித்தான் மார்சியால். “வந்த அன்னிக்கே கத்திய வாங்கி வச்சுக்கிட்டாங்க. பேரு எழுதி எங்கயோ டிராயர்ல போட்டிருக்காங்களாம்.”

“அப்ப எத வச்சு வெட்டுற?”

“எதுக்கு வெட்டணும்? எல்லாம் வெட்டித்தான் வருது. பாரு.”

தட்டில் கறி பல்லில்லாக் குழந்தைக்கு நறுக்கின மாதிரி பொடிப்பொடியாகக் கிடந்தது.

“ஆனா ஒண்ணுடா லியோன்ஸு, உனக்கு இது சொர்க்கம். எவ்வளவு நேரம் வேணாலும் திங்கலாம். எவனும் கத்திய மடக்கி எந்திரின்னு சொல்றதில்ல. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து மெல்லு.”

மார்சியால் அதை வேடிக்கையாகத்தான் சொன்னான். திரும்பி வரும் வழியெல்லாம் லியோன்ஸின் கண்ணில் நின்றது அந்தக் கறி அல்ல, பைக்குள் போய்த் துழாவிய கை. நல்ல கத்தி ஒன்று வேண்டும், இந்தக் கைக்குத் திறக்கிற கத்தி என்று அப்போதே முடிவு செய்துகொண்டார்.

கத்திக்குப் பேர்போன பக்கத்து ஊரான லயோலில் கத்திக் கடைக்கா பஞ்சம்? தெருவுக்கு நாலு. ஆனால் அதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை. கோடையில் கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் வாங்கி, வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கு. ஒரு கடைச் சன்னலில் கொம்புப் பிடி போட்ட கத்தி ஒன்றின் விலைச்சீட்டை லியோன்ஸ் குனிந்து படித்தார். கண் மங்கலால் ஒரு சுழியம் கூடத் தெரிகிறதோ என்று மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தார். கண்ணில் கோளாறு இல்லை. அதே மாதிரிக் கத்தியைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கப் பன்றிக்கொழுப்பு வெட்டவும், வைக்கோல் கட்டு அறுக்கவும், மாட்டுக் குளம்பில் சிக்கிய கல் நெம்பவும் வைத்திருந்தார். அந்த விலைக்கு இன்றைக்கு ஒரு கன்றுக்குட்டியை விசாரிக்கலாம்.

அதனால் திருநாளுக்கு முந்தின நாள் சந்தைக்குப் போனார். சந்தைக் கோடியில், காலுறை விற்கிறவனுக்கும் கோழிக்காரனுக்கும் நடுவில், சிதோனி என்ற பெண் ஒருத்தி கத்திக் கடை போட்டிருந்தாள். வாயாடி. ஆனால் நேர்மையானவள்.

“வாங்கய்யா, என்ன வேணும்? வேட்டைக்கா, காளான் பறிக்கவா?”

“சாப்பிட.”

“சாப்பிடவா? அதுக்குத்தான் இருக்கவே இருக்கு இது.” மரப்பிடி போட்ட, கழுத்தில் வளையம் வைத்த கத்தி ஒன்றை நீட்டினாள். “மலிவு. கனமே இல்ல. ஊரு பூரா இதத்தான் வச்சிருக்கு.”

லியோன்ஸ் நகத்தை வைத்து இழுத்தார். இருந்த கொஞ்ச நகமும் பிளந்தது. சிதோனி அந்தக் கைகளைப் பார்த்தாள். பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

“ஈரத்துல மரம் ஊதிக்கிட்டா எல்லாருக்கும் இதான் கதி. இப்படிச் செய்யணும், பாருங்க.” பிடியின் அடிப்பக்கத்தைப் பலகைமேல் ஓங்கித் தட்டினாள். அலகின் முதுகு தானாகத் துருத்திக்கொண்டு வந்தது. “இனிமே ரெண்டு விரலால இழுத்தா வந்துரும்.”

லியோன்ஸ் யோசித்தார். தெல்ரியூ மேஜையில் அப்படி ஓங்கித் தட்டினால் எல்லாத் தலையும் திரும்பும்.

“சத்தம் வேணாம்மா. வேற காட்டு.”

அப்போதுதான் அவர் கண் பட்டன் கத்திமேல் விழுந்தது. சிதோனி அதன் கறுப்புக் குமிழை அழுத்தினாள். அலகு பாய்ந்து வெளியே வந்தது. லியோன்ஸின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று.

“இதான். இதக் குடு.”

“கொடுக்கிறேன். ஆனா வீட்டுல வச்சுக்கணும். பையில போட்டுக்கிட்டு ரோட்டுல நடந்தா போலீசு புடிப்பாங்க.”

“நான் எதுக்கு ரோட்டுல நடக்கறேன்? சாப்பிடப் போறேன்.”

“சாப்பிடற எடத்துக்கு ஆகாசத்துலயா பறந்து போவீங்க?” என்றாள் சிதோனி. கோழிக்காரன் முன்னால் காபி குடித்துக்கொண்டு நின்ற இளம் போலீஸ்காரனைக் கூப்பிட்டாள். “தம்பி, இந்தப் பெரியவருக்கு நீயே சொல்லு.”

போலீஸ்காரன் வந்தான். பட்டன் கத்தியைப் பார்த்துத் தலையை ஆட்டினான். “வேணாம் தாத்தா. இது பையில இருந்தா நானே புடுங்கிருவேன். அப்புறம் நீங்க ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடுக்கணும். எதுக்கு வம்பு? சின்னதா ஒண்ணு, கையால திறக்கற மாதிரி வாங்குங்க. யாராவது கேட்டா சாசேஜ் வெட்டன்னு சொல்லுங்க.”

“சாசேஜ் வெட்டத்தான்.”

“அப்ப பொய்யும் சொல்ல வேண்டியதில்ல,” என்று சிரித்துவிட்டுக் காபியிடம் திரும்பிப் போனான்.

எழுபத்தாறு வயது வரை லியோன்ஸ் போலீஸ் ஸ்டேஷன் வாசல் மிதித்ததில்லை. கையில் எடுத்திருந்த பட்டன் கத்தியைச் சுட்ட மாதிரி கீழே வைத்துவிட்டார்.

கடைசியில் சிதோனி பெட்டிக்கு அடியிலிருந்து சாம்பல் நிறக் கத்தி ஒன்றை எடுத்தாள். அழகு என்று சொல்ல முடியாது. அலகின் முதுகில் பட்டாணி அளவுக்கு ஒரு குமிழ். “கட்டைவிரல இதுல வச்சு முன்னால தள்ளுங்க. நகமே வேணாம்.” லியோன்ஸ் தள்ளினார். அலகு வழுக்கிக்கொண்டு வந்து ‘சடக்’ என்று நின்றது. “உள்ள ஒரு தகடு வந்து முட்டுக் குடுத்திருச்சு பாருங்க. இனிமே தானா மடங்காது. விரலுக்குப் பத்திரம்.” வாங்கி மடக்கி அவர் கையில் கொடுத்தாள். அவர் திறந்தார். சடக். அவள் வாங்கி மடக்கினாள். திரும்பவும் திறந்தார். சடக். அந்தச் சத்தத்தில் அவருக்கு நெஞ்சு நிறைந்தது. எத்தனை முறை திறந்தாரோ, அத்தனை முறையும் அவள் பேச்சோடு பேச்சாக மடக்கி மடக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இருபது யூரோவுக்குள் முடிந்தது. மடக்கிய கத்தியைச் சிதோனி காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

அவர் அன்று ராத்திரியே அறையில் உட்கார்ந்து அதைத் திறந்து மூடிப் பார்த்திருக்கலாம். யாராயிருந்தாலும் பார்ப்பார்கள். ஆனால் லியோன்ஸுக்குத் தன் தாயிடமிருந்து வந்த பிடிவாதம் ஒன்று உண்டு: புதுக் கத்தி முதலில் ரொட்டியில்தான் இறங்க வேண்டும், அதுவும் நாலு பேர் உட்கார்ந்த மேஜையில். காசு கொடுத்துத் தனதாக்கின பிறகு, அதற்கு முன்னால் சும்மா திறந்தால் அந்தக் கத்தி சோறு போடாது. காகிதத்தைக்கூடப் பிரிக்காமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார்.

திருநாள் காலையில் மலை முழுக்கப் பனிமூட்டம். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் தங்கள் இறந்தவர்களுக்கு வைக்கச் சாமந்தித் தொட்டிகளைச் சுமந்துகொண்டு, ஒருவரை ஒருவர் தடவிக் கண்டுபிடிக்காத குறையாக நடந்தார்கள். லியோன்ஸ் தன் தாய்க்கு ஒரு தொட்டி வைத்தார். பெரிய தெல்ரியூவின் பளிங்குக் கல்லுக்கு முன்னால் நின்றபோது கை தானாகப் பையில் இருந்த கத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

மத்தியானம் மேஜையில் க்ளோவிஸ், நொயெலி, நொயெலியின் தங்கை, இரண்டு இளவட்ட வேலைக்காரர்கள், கோடியில் லியோன்ஸ். க்ளோவிஸ் கத்தியைத் திறந்தான். எல்லோரும் திறந்தார்கள். நொயெலியின் கண் மேஜைக் கோடிக்குப் போனது.

லியோன்ஸ் அவசரப்படவில்லை. எடுத்தார், கட்டைவிரலை வைத்தார், தள்ளினார். சடக்.

“அடேங்கப்பா!” என்றான் வேலைக்காரர்களில் ஒருவனான ஜோரிஸ். “பெருசு புது மாப்பிள்ளை கணக்கா ஜோரா ஒண்ணு வாங்கியிருக்கே! என்ன மாமா, கொள்ளைக் கூட்டத்துல சேந்துட்டீங்களா?”

“சேரலாம்னுதான் இருக்கேன். முதல்ல உன் வீட்டுலதான் கைவைக்கணும்,” என்றார் லியோன்ஸ். மேஜையே சிரித்தது. க்ளோவிஸ் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான். நொயெலி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவள் உதட்டிலும் சிரிப்பு இருந்தது.

முதலில் ரொட்டியை வெட்டினார். பிறகு சாசேஜ். புது அலகு வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. மாட்டுக்கறியைத் தானே வெட்டினார், ஜோரிஸின் துண்டையும் விளையாட்டுக்கு இழுத்து வெட்டிக் கொடுத்தார். வைன் இரண்டு கிளாஸ் உள்ளே போயிற்று. இந்தக் குளிர்காலம் தப்பித்தோம் என்று நினைத்தார். வெளியே பனி சன்னலை மூடிக்கொண்டிருந்தது. அறைக்குள் அவருக்கு எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கதகதப்பாக இருந்தது.

சீஸ் வந்தது. வழக்கம்போல அவர் தட்டுக்கு அது வந்து சேர்ந்தபோது க்ளோவிஸ் தன் கத்தியை ரொட்டியில் துடைத்துக்கொண்டிருந்தான். மற்றவர்களும் துடைத்தார்கள். லியோன்ஸும் துடைத்தார். சீஸ் போனால் போகிறது. மடக்க அலகின் முதுகை அழுத்தினார்.

மடங்கவில்லை.

உள்ளே முட்டுக் கொடுத்திருந்த தகட்டை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் மடக்க வேண்டும். தகடு மெல்லிசு, ஆனால் விறைப்பு. அதைப் பக்கவாட்டில் தள்ளக் கட்டைவிரல் நுனியில் பலம் வேண்டும். மேஜைக்கு அடியில் இரண்டு கட்டைவிரலையும் வைத்துத் தள்ளினார். வழுக்கியது. முள்கரண்டியின் காம்பை விட்டு நெம்பினார். வழுக்கியது. அப்போதுதான் சிதோனி நினைவுக்கு வந்தாள். பேசிக்கொண்டே வாங்கி வாங்கி மடக்கினாளே, அவள். ஒரு தடவையாவது தன் கையால் மடக்கிப் பார்த்தோமா? கத்தி என்றால் திறக்கிறதுதான் பாடு என்று நினைத்துவிட்டாரே. நேற்று ராத்திரி அறையில் ஒரு முறை பார்த்திருந்தால், மடக்க ஒரு உபாயமாவது கண்டுபிடித்திருப்பாரே. அம்மாவும் அவளுடைய ரொட்டியும்! காது மடல் வரை சூடு ஏறியது.

நிமிர்ந்தார். க்ளோவிஸ் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கத்தி பாதி மடங்கிய நிலையில் கையில் நின்றது. அவன் பார்வை லியோன்ஸின் முகத்திலிருந்து மேஜையின் விளிம்புக்கு இறங்கி, அங்கே அசைகிற முழங்கைகளைக் கண்டு, திரும்ப முகத்துக்கு வந்தது. அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

க்ளோவிஸ் தன் கத்தியைத் திரும்பவும் முழுக்கத் திறந்தான்.

“இந்தத் தடவ சீஸு நல்லா வந்திருக்கு,” என்றான். “இன்னொரு துண்டு வெட்டிக்கிறேன். எல்லாரும் எடுங்க. என்ன அவசரம்?”

துடைத்து மடக்கியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கத்தியைத் திரும்பத் திறந்தார்கள். அந்த மேஜையில் இப்படி நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஜோரிஸ் எதையோ கேட்க வாயெடுத்தான். நொயெலி முறைத்ததில் மூடிக்கொண்டான். பனியைப் பற்றிப் பேசினார்கள். வைக்கோல் விலையைப் பற்றிப் பேசினார்கள். யாரோ இருமினார்கள். தொழுவத்தில் முதல் பசு கத்தியது, பிறகு இன்னொன்று. கறக்கிற நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. க்ளோவிஸ் தின்ன முடியாத சீஸை நகத்தளவு நகத்தளவாக வெட்டிக்கொண்டே இருந்தான்.

லியோன்ஸுக்குப் புரிந்தது. அறுபது வருஷம் இந்த மேஜை அவருக்காக ஒரு வாய் நேரம் நின்றதில்லை. அப்போதெல்லாம் அவர் மனதுக்குள் வைதிருக்கிறார், ஒரு நாளாவது நில்லுங்களேன்டா என்று. இன்றைக்கு நிற்கிறது. இது மரியாதை இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. வேலைக்காரனுக்காக எந்த மேஜையும் நிற்காது; நோயாளிக்காக நிற்கும், குழந்தைக்காக நிற்கும். மார்சியாலுடைய வெள்ளை மேஜை அவர் கண்முன் வந்தது. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து மெல்லலாம்.

கையை மேஜைக்கு மேலே எடுத்தார். திறந்த கத்தியைத் தட்டோரம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். பிறகு சீஸை எடுத்து மெதுவாக, தன் கோணல் தாடைக்கு வசதிப்பட்ட மாதிரி, கடைசித் துணுக்கு வரை தின்றார். மாடுகள் கத்திக்கொண்டே இருந்தன. யாரும் எழுந்திருக்கவில்லை. சீஸ் நன்றாகத்தான் இருந்தது. அவர் மேய்த்த மாட்டுப் பால்தானே.

வாயைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாக எழுந்தார்.

“எந்திரிங்கப்பா. மாடு கத்துது, காது கேக்கலையா?”

எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலிகள் நகர்ந்த சத்தத்துக்கு நடுவே அவர் நொயெலியின் பக்கம் திரும்பினார்.

“அந்த ரூம் இன்னும் காலியாத்தான் இருக்கா தாயி?”

நொயெலி ஏப்ரன் துணியை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். க்ளோவிஸ் கோடிக்கு நடந்து வந்தான். சாம்பல் நிறக் கத்தியை எடுத்துத் தகட்டைக் கட்டைவிரலால் தள்ளினான். சத்தமே இல்லாமல் மடங்கியது. இரண்டு கையாலும் நீட்டினான்.

“மாமா, கத்தி.”

“நீயே வச்சுக்க தம்பி,” என்றார் லியோன்ஸ். “அங்க வெட்டித்தான் குடுக்கறாங்க.”